கருடன் கூட்டில் மஞ்சள் துணி

மணவாளன்: நிறுத்தும் ஓய்! சமாதானம் சொல்லாதேயும். மண்டை ஓட்டுக்கு நாமம் போட்டிருக்கா. உம்ம கண்ணால பாரும்!

அஹத்: எங்க சாமி?

மணவாளன்: அந்தக் கரண்ட் கம்பத்துல. 'அபாயம்'னு ஒரு தகடு தொங்கறதே, அதுல இருக்கற மண்டை ஓட்டுக்கு. நெத்தியில. அதுவும் கோணலா!

அஹத்: ஆமா... குங்குமம் வழிஞ்சு கண்ணுக்குள்ளயே போயிருக்கு.

மணவாளன்: சிரிக்கறீரா?

அஹத்: இல்ல சாமி. இருமல்.

மணவாளன்: கம்பத்துக்கு மாலை. அடியில தேங்காய். கற்பூரம் வேற. கொள்ளிடக் கரையில விடியக்காலம் வந்து நின்னா பட்சி சத்தம் காதுல விழணும். இன்னிக்கு என்ன விழறது? ஆட்டோ ஹாரன்! எல்லாம் உம்மால.

அஹத்: என்னாலயா? விடியக்காலை சுப்ஹு தொழுதுட்டு நேரா இங்க வரேன். வந்ததுலேருந்து திட்டு வாங்கிட்டிருக்கேன். நான் என்ன செஞ்சேன்?

மணவாளன்: அந்தக் கம்பத்து மேல இருக்கற பருந்துக் கூட்டைப் படம் பிடிச்சது யாரு?

அஹத்: நான்தான்.

மணவாளன்: அதை ஊருக்கு அனுப்பினது?

அஹத்: ஊருக்கு எங்க அனுப்பினேன்? நம்ம நாலு பேர் குரூப்புக்கு. முக்கொம்பு போனா முக்கொம்புல எடுக்கறேன், இங்க வந்தா இங்க எடுக்கறேன். எப்பவும் அனுப்பறதுதானே?

மணவாளன்: நமக்குள்ள கட்டுப்பாடு என்ன?

அஹத்: கூடு இருக்கற இடத்தை வெளியில சொல்லக் கூடாது.

மணவாளன்: யாரு போட்ட கட்டுப்பாடு?

அஹத்: நீங்க போட்டது. நாங்க மூணு பேரும் தலையாட்டினது.

மணவாளன்: தலையாட்டினவா எல்லாம் எங்க? நீர் ஒருத்தர்தான் நிக்கறீர்.

அஹத்: வீரமலை பேத்தியை ரயில் ஏத்திவிடப் போயிருக்காரு. ஹரிஹரசுதன்... போனை எடுக்கல.

மணவாளன்: ஏன் எடுக்கல?

அஹத்: அதை விடுங்க சாமி.

மணவாளன்: ஓய், ஏன் எடுக்கல?

அஹத்: அவர்தான் படத்தைத் தங்கச்சிக்கு அனுப்பினாராம். தங்கச்சி பஜனை குரூப்புல போட்டுச்சாம். அங்க யாரோ, 'கருடன் கூட்டில் பெருமாள் பீதாம்பரம். பஞ்சக்கரை ரோடு, ரெட்டைக் கம்பம். உடனே தரிசியுங்கள்'னு எழுதி விட்டுட்டாங்க.

மணவாளன்: பீதாம்பரமா! யாரு கண்டா? ஏதோ ஒரு மஞ்சத் துணி. பருந்து கூடு கட்டினா கந்தல் கிந்தல் பொறுக்கிண்டு வரத்தான் செய்யும். நீர் வெச்சிருக்கற புஸ்தகத்துலயே போட்டிருக்கு.

அஹத்: போட்டிருக்கு சாமி. கோவப்படாதீங்க.

மணவாளன்: கோவப்படாம? கருடன் வானத்துல வட்டம் போட்டா நானும்தான் கன்னத்துல போட்டுக்கறேன். அது பக்தி. அது குடித்தனம் பண்ற எடத்துல கூட்டமாப் போய் எட்டிப் பாக்கறது என்ன பக்தி? பிள்ளை பெத்த ஆத்துக்குள்ள பதினஞ்சு ஆட்டோவுல வந்து இறங்குவாளா? தாய்ப்பறவை எங்க இருக்கு, பார்த்தீரா?

அஹத்: அந்த அரசமரத்து உச்சியில உக்காந்திருக்கு. கால்ல மீன். ரொம்ப நேரமா உள்ள வர மாட்டேங்குது.

மணவாளன்: வராது! கீழ தாளம் தட்டிண்டு நின்னா எப்படி வரும்? குஞ்சு?

அஹத்: ரெண்டும் இருக்கு. வாயைத் திறந்து திறந்து மூடுது. இன்னும் வெள்ளைப் பஞ்சுதான், இறகு வரல. இந்தாங்க, பைனாகுலரை வாங்கிப் பாருங்க.

மணவாளன்: வேண்டாம்.

அஹத்: தினம் என் கையிலேருந்து பிடுங்கிப் பார்ப்பீங்களே. இந்த ஒரு வாரமாத்தான்...

மணவாளன்: வேண்டாம்னா விடுமே!

அஹத்: சரி. விட்டுட்டேன். நேத்து உங்க தெரு வழியா வந்தேன். மாமி மொட்டை மாடியில எதையோ தேடிட்டிருந்தாங்க. பக்கத்து மாடியெல்லாம் கூட எட்டிப் பார்த்தாங்க.

மணவாளன்: ரங்கநாயகி வடாம் போட்ட துணி. காத்துல போயிடுத்து.

அஹத்: வடாம் துணிக்கா அழுதாங்க?

மணவாளன்: பேரனுக்குச் சித்திரையில கல்யாணம். ஆயிரம் கவலை. பொம்மனாட்டி அழுதா உமக்கு எதுக்குக் கணக்கு? அதோ, ஜீப் வரது. யாரு அது?

அஹத்: கரண்ட் ஆபீஸ் இன்ஜினியரம்மா. யமுனா. கம்பியில பருந்து அடிபடாம இருக்க ஏதாவது செய்யுங்கன்னு போன வாரம் நான் போய்ச் சொல்லிட்டு வந்தேன்ல, அவங்கதான். நல்ல பொண்ணு.

யமுனா: நல்ல பொண்ணா! பாய், என்ன பாய் இது? பருந்தைக் காப்பாத்தச் சொன்னீங்க. இப்ப மனுஷனைக் காப்பாத்தற வேலையா ஆயிடுச்சே! யாரு இத்தனை பேரைக் கூட்டினது?

மணவாளன்: நாங்க கூட்டல. நாங்க பட்சி பாக்கறவா. இவா பட்சியைப் பாக்க வரல.

யமுனா: நீங்க?

அஹத்: உத்தரவீதி மணவாளன் சாமி. அழகியமணவாளன். கோயில்ல அவங்க வீட்டுக்குத் தனி மரியாதை உண்டும்மா.

யமுனா: வணக்கம் சார். அங்க பாருங்க, அந்தம்மா குடத்துல என்ன வெச்சிருக்காங்க?

அஹத்: பால். வெள்ளையம்மாள்னு பேரு. பூக்கடை வெச்சிருக்காங்க. கம்பத்துக்குப் பால் ஊத்தப் போறாங்களாம்.

யமுனா: கடவுளே... ஏற்கெனவே தண்ணி ஊத்தித் தரையே சேறா கிடக்கு. எல்லாரும் வெறுங்கால்ல நிக்கறாங்க. மேல கம்பியைத் தாங்கற பீங்கான்ல ஒண்ணே ஒண்ணு விரிசல் விட்டிருந்தா போதும் சார். கம்பத்தைத் தொட்டுக் கும்பிடறவங்க அப்படியே...

மணவாளன்: சொல்லாதே அம்மா. புரியறது.

யமுனா: சொன்னா கேக்க மாட்டேங்கறாங்களே! ராத்திரியே ஆள் அனுப்பினேன். 'கருடன் இருக்கற எடத்துல கரண்ட் என்ன பண்ணும்?'னு அவனையே கேட்டிருக்காங்க.

அஹத்: லைனை நிறுத்தி வைக்க முடியாதா?

யமுனா: ஒரு மணி நேரம் நிறுத்தலாம். ஊருக்குக் குடிதண்ணி ஏத்தற மோட்டாரே இந்த லைன்லதான் ஓடுது. நாள் கணக்கா எப்படி நிறுத்தறது? மேலேருந்து சொல்லிட்டாங்க. கூட்டம் கலையலைன்னா கூட்டை எடுத்துடணும். இப்பவே.

மணவாளன்: எடுத்து?

யமுனா: வேற மரத்துல வைக்கப் பார்ப்போம்.

அஹத்: தாய் அங்க வருமாம்மா?

யமுனா: வரும்னு என்னால சொல்ல முடியாது பாய். எனக்கு மட்டும் ஆசையா? ஜீப்புக்குள்ள பாருங்க. கம்பி மேல மாட்டற ரப்பர் உறை கொண்டாந்திருக்கேன். அதை மாட்டிட்டா பருந்து சிறகை எப்படி விரிச்சாலும் ஒண்ணும் ஆகாது. ஆனா கீழ இத்தனை ஜனத்தை வெச்சுக்கிட்டு என் ஆளை எப்படி மேல ஏத்துவேன்?

மணவாளன்: அப்போ கூட்டம் போனா கூடு இருக்கும்.

யமுனா: போனா இருக்கும். போயிட்டுத் திரும்பவும் வராம இருக்கணும்.

மணவாளன்: அந்தத் துணி இருக்கற வரைக்கும் வருவா.

யமுனா: அதேதான் சார். ஒரு கந்தல் துணிக்காக ரெண்டு உயிர்.

மணவாளன்: ...கந்தல்.

அஹத்: சாமி, எனக்கு ஒண்ணு தோணுது. வையாம கேட்டுக்கங்க.

மணவாளன்: வையற மாதிரி இருந்தா வைவேன்.

அஹத்: அது என் பழைய கைலின்னு நான் போய்ச் சொல்லிடறேன். மாடியில காயப் போட்டது, பருந்து தூக்கிட்டுப் போச்சுன்னு. கைலிக்கு யாரு பால் ஊத்துவாங்க? எல்லாரும் கிளம்பிடுவாங்க.

மணவாளன்: ஓய்!

அஹத்: வையாதீங்கன்னேனே.

மணவாளன்: வையாம? அவா இருக்கற ஆவேசத்துல உம்ம கைலின்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? சாயங்காலம் எவனாவது ஒருத்தன் உம்ம மூக்குக்கண்ணாடிக் கடை வாசல்ல வந்து நிப்பான். 'எங்க கருடன் கூட்டுல உன் துணி எப்படி வந்தது'ன்னு கேப்பான். நான் ஆத்துல உக்காந்துண்டு காபி சாப்பிடணுமா? என் சிநேகிதனைக் காட்டிக் கொடுத்துட்டு ஒரு பட்சியைக் காப்பாத்தணுமா? அந்தத் துணிக்கு நான்தான் ஓய் பொறுப்பு!

அஹத்: நீங்களா?

மணவாளன்: ...இந்தக் கூட்டத்துக்குன்னேன். எங்க ஜனம். எங்க ஊர். நான்தான் சொல்லணும்.

யமுனா: நீங்க சொன்னா கேப்பாங்களா சார்?

மணவாளன்: எங்க அப்பா சொன்னா கேட்டா. தாத்தா சொன்னா கேட்டா. எங்க ஆத்துல பொய் சொன்னவா கிடையாதுன்னு நாலு வீதிக்கும் தெரியும்.

யமுனா: என்ன சொல்லப் போறீங்க?

மணவாளன்: நீங்க ரெண்டு பேரும் இந்த ஜீப்பண்டையே நில்லுங்கோ. காது கேக்கற தூரத்துக்கு வரப்படாது. ஓய், உம்மையும்தான் சொல்றேன்.

அஹத்: வரல சாமி. பார்த்துப் போங்க, சேறு.

மணவாளன்: எனக்குத் தெரியும்!

யமுனா: ...என்ன பாய், இப்படி விறைச்சுக்கிட்டுப் போறாரு?

அஹத்: அந்த முதுகு வளைஞ்சு நான் பார்த்ததே இல்லம்மா. புதர்ல மீன்கொத்தி இருக்கும், நாங்க எல்லாம் குனிஞ்சு பார்ப்போம். அவர் மட்டும் நிமிர்ந்தே நின்னு, 'தெரியல, நீரே பார்த்துச் சொல்லும்'பாரு.

யமுனா: அந்த பைனாகுலரைக் கொடுங்க. என்ன பண்றாருன்னு பார்ப்போம்.

அஹத்: நானே பார்த்துச் சொல்றேன். எனக்குத்தான் பழக்கம்... போயிட்டாரு. எல்லாரும் விலகி வழி விடறாங்க. பார்த்தீங்களா, அதான் அவங்க குடும்பத்து மரியாதை. வெள்ளையம்மாள் குடத்தை இறக்கி வெச்சுட்டுக் கும்பிடறாங்க.

யமுனா: பேசறாரா?

அஹத்: இன்னும் இல்ல. தொண்டையைச் செருமறாரு. மேல் துண்டை எடுத்து இடுப்புல கட்டறாரு... கூட்டைக் கையால காட்டறாரு.

யமுனா: ம்?

அஹத்: கழுத்து சிவக்குது. உதடு அசையுது. பேசிட்டாரு. ஒரே ஒரு வரிதான்.

யமுனா: அவ்வளவுதானா? ஜனங்க என்ன பண்றாங்க?

அஹத்: ஒருத்தரும் அசையல. யாரோ திருப்பிக் கேக்கறாங்க. கருமம், திரும்பச் சொல்ல வைக்கிறானே... சொல்றாரு. இந்தத் தடவை... கையை இடுப்புக்கிட்ட கொண்டு போறாரு.

யமுனா: இடுப்புக்கா? எதுக்கு?

அஹத்: தெரியலையேம்மா. முன்னால நிக்கற பொண்ணு வாயைப் பொத்திக்கிச்சு. பின்னால ரெண்டு பசங்க குலுங்கறாங்க. ஒரு பெரியவர் திரும்பிக்கிட்டாரு. போன்ல படம் எடுத்துட்டிருந்தவன் போனைப் பையில போட்டுட்டான்.

யமுனா: பாய், கிளம்பறாங்க! பாருங்க, ஆட்டோ ஸ்டார்ட் பண்றாங்க!

அஹத்: மாலையை யாரோ அறுத்து எறியறாங்க. வெள்ளையம்மாள் குடத்தை இடுப்புல தூக்கிட்டாங்க. கம்பத்தைத் தொட்ட கையைப் புடவையில துடைச்சுக்கறாங்க!

யமுனா: அப்படி என்னதான் சொன்னாரு!

அஹத்: ஆனா பாருங்கம்மா... யாரும் அவர் முகத்தைப் பார்க்காம போறாங்க. அவர் நட்ட நடுவுல நிக்கறாரு. நிமிர்ந்துதான் நிக்கறாரு.

யமுனா: வராரு, வராரு. பைனாகுலரை இறக்குங்க.

மணவாளன்: போயாச்சு. இனிமே வர மாட்டா. உன் ஆளை மேல ஏத்து அம்மா. தாய் பசியோட காத்துண்டிருக்கு.

யமுனா: லைனை நிறுத்தச் சொல்லிட்டேன் சார். இதோ ஏணி போடறாங்க. சார்... என்ன சொன்னீங்க?

மணவாளன்: சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

அஹத்: எங்ககிட்ட சொல்லக் கூடாதா?

மணவாளன்: கூடாது.

அஹத்: வெள்ளையம்மாள் கண்ணாடி மாத்த நாளைக்கு என் கடைக்குத்தான் வராங்க. கேட்டுக்கறேன்.

மணவாளன்: உமக்கு வெக்கமா இல்லையா ஓய்?

அஹத்: இல்ல.

மணவாளன்: ...அது தெய்வ வஸ்திரம் இல்லை, என்னோட பழைய கௌபீனம், மாடியில காஞ்சிண்டிருந்ததைப் பருந்து தூக்கிண்டு போயிடுத்துன்னு சொன்னேன். போறுமா?

யமுனா: கௌபீனம்னா?

அஹத்: கோமணம்மா.

யமுனா: ஐயையோ!

மணவாளன்: சிரிக்கணும்னா சிரிச்சுடு. மென்னு முழுங்காதே.

யமுனா: இல்ல சார்... மன்னிச்சுக்கங்க. அத்தனை பொம்பளைங்க முன்னாடியா?

மணவாளன்: காது கேக்காத கிழவர் ஒருத்தர் 'என்ன, என்ன'ன்னார். கையால காட்ட வேண்டியதாப் போச்சு. இன்னிக்கு ராத்திரிக்குள்ள நாலு வீதியும் பேசும். மணவாளன் ஆத்துக் கோமணத்துக்குக் கற்பூரம் காட்டினோம்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. தலைமுறை தலைமுறையா எங்களுக்குக் கை கூப்பின ஊர். சிரிக்கட்டும்.

அஹத்: நான் கைலின்னு சொன்னதுக்கு அந்தக் கத்து கத்தினீங்களே...

மணவாளன்: உம்ம கைலின்னா சண்டை வரும். என் கோமணம்னா சிரிப்புதான் வரும். அதுகூடத் தெரியாதா உமக்கு?

யமுனா: என் ஆள் மேல போயிட்டான் சார். இருங்க, ஏதோ கத்தறான்... என்னடா?... சார், துணியோட ஒரு முனை வெளியில தொங்குதாம். கம்பிக்குப் பக்கத்துல. கையெட்டற தூரம்தான். உருவிடட்டுமான்னு கேக்கறான்.

மணவாளன்: கையெட்டற தூரமா?

யமுனா: ஆமா சார். எடுத்துடலாமா?

மணவாளன்: குஞ்சு எங்க இருக்கு?

யமுனா: ரெண்டும் துணி மேலதான் படுத்திருக்காம். மெதுவா இழுத்தா வந்துடும்கறான். குஞ்சு சரியற மாதிரி இருந்தா விட்டுடறானாம்.

மணவாளன்: 'சரியற மாதிரி இருந்தா'வா! சரிஞ்சப்பறம் விட்டு என்ன பிரயோஜனம்? தொங்கற முனையை உள்ள மடிச்சுச் செருகச் சொல்லு. இழுக்கப்படாது.

யமுனா: உங்க துணிதானே சார். துவைச்சா திரும்பக் கட்டிக்கலா—

மணவாளன்: இழுக்கப்படாதுன்னேன்!

யமுனா: சரி சார், சரி. டேய், மடிச்சு உள்ள வெச்சுட்டு உறையை மாட்டு! நான் கிட்டப் போய் நிக்கறேன் பாய். சார் இன்னும் கோவமா இருக்காரு.

அஹத்: போங்கம்மா. நான் பார்த்துக்கறேன்.

மணவாளன்: எனக்கென்ன கோவம்? அந்த ஹரிஹரசுதன் போனை எடுக்கட்டும், அப்போ தெரியும் என் கோவம்.

அஹத்: சாமி.

மணவாளன்: என்ன?

அஹத்: அந்தப் பையன் கையெட்டற தூரத்துல இருந்தான். நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் உங்க கையில இருந்திருக்கும்.

மணவாளன்: கோமணத்தை வாங்கி நான் என்ன பண்ண?

அஹத்: நான் எடுத்த படத்தை நீங்க முழுசாப் பார்த்தீங்களா?

மணவாளன்: நீர் அனுப்பினதைப் பார்த்தேன்.

அஹத்: அனுப்பினது முழுசு இல்ல. ஒரு பக்கத்தை வெட்டிட்டுத்தான் குரூப்புல போட்டேன். முழுப் படம் என் போன்லதான் இருக்கு. வேற யாரும் பார்க்கல.

மணவாளன்: எதுக்கு வெட்டினீர்?

அஹத்: துணியோட கரை தெரிஞ்சுது. ஜரிகையில சங்கும் சக்கரமும். கோமணத்துக்கு யாரு சாமி ஜரிகை போட்டு நெய்வாங்க? மாமி தேடினதும் வடாம் துணி இல்ல. நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

மணவாளன்: ரங்கநாயகிதான் மாடியில மாசி வெயில்ல உலர்த்தினா. அவ உள்ள போய் வரதுக்குள்ள தூக்கிடுத்து. அந்தக் கூட்டம் சொன்னதுல பொய் இல்லை ஓய், அது பெருமாள் வஸ்திரம்தான். சன்னிதியில எங்க அப்பா தலையில கட்டி அனுப்பின பரிவட்டம். சித்திரையில பேரன் தலையில கட்டணும்னு பெட்டியிலேருந்து எடுத்தோம். தலையில இருந்ததை இடுப்புல இருந்ததுன்னு நான் ஊர் முன்னாடி சொல்லிட்டு வந்திருக்கேன். அதுக்குப் பெருமாள்கிட்டயும் அப்பாகிட்டயும் நான் பதில் சொல்லிக்கறேன், நீர் வாயைத் திறக்கப்படாது. இப்போ பைனாகுலரைக் கொடும்... தாய் வந்துடுத்து பாரும்... சீ, மங்கலாத் தெரியறது. கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவர்தானே நீர்? துடைச்சுக் கொடும்.